நாலரை அடி உயரத்தில் ஒரு வாசல்

மேலப்பாளையம் யஹ்யா ஐம்பத்தெட்டு வயது வரை சுவரில் ஒரு நேர்கோடும் போட்டதில்லை. போட்டிருந்தால் பிழைப்பு போயிருக்கும். அவருக்கு வாய்த்த சுவர்கள் அப்படி. சமமான சுவர்களையெல்லாம் கட்சிக்காரர்கள் முன்கூட்டியே பிடித்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது தண்ணீர்த் தொட்டியின் வயிறு, பாலத்தின் உருண்டைத் தூண், கடைகளின் மடிப்பு மடிப்பான ஷட்டர். அவற்றின் மேல் யஹ்யா வாசல், ஜன்னல், வளைவு என்று இல்லாத கட்டடங்களை வரைவார்.

மேடுபள்ளத்தில் நேர்கோடு போட்டால் பார்க்கிறவர் கண்ணுக்கு நெளியும். நேராகத் தெரிய நெளித்துப் போட வேண்டும். அதுவும் ஒரே ஒரு இடத்திலிருந்து பார்த்தால்தான் நேர். கொஞ்சம் தள்ளினாலும் கட்டடம் குடித்துவிட்டு வந்ததுபோல் நிற்கும். ஆகவே அந்த இடத்தில் நிற்க ஒரு கண் வேண்டும். முப்பது வருஷம் நின்றது அவர் மனைவி நஃபீஸத்தின் கண். யஹ்யா ஏணியில் சாக்பீஸோடு இருப்பார். தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வரும்.

"இன்னும் ஒரு வெரக்கடை கீழ... பைய, பைய... போதும். போதுங்கேன்லா!"

நஃபீஸத் குள்ளம். தரையிலிருந்து அவள் கண்ணுக்கு நாலரை அடி. அதனால் யஹ்யாவின் கட்டடங்கள் எல்லாம் நாலரை அடியிலிருந்து பார்ப்பவர்களுக்கே நேர். ஊர் ஆண்கள் இதைக் கண்டுபிடிக்கவில்லை; 'கோணல் பாய்' என்று பேர் மட்டும் வைத்தார்கள்.

போன வருஷம் நோன்புப் பெருநாளுக்கு மறுவாரம் அவள் மௌத்தாகிவிட்டாள். அதன்பின் யஹ்யா அந்த இடத்தில் ஒரு கம்பை நட்டு, நாலரை அடியில் ஆணி அடித்துக்கொண்டார். ஒரு புள்ளி வைப்பார், இறங்குவார், தெருவைக் கடப்பார், முட்டியை மடக்கி ஆணிக்கு நேரே கண்ணை வைப்பார், திரும்ப வந்து ஏறுவார். அவள் இருந்தபோது ஒரு நாளில் முடிந்த வளைவுக்கு இப்போது பன்னிரண்டு நாள். ஆணி பேசாது.

இந்தத் தடவை ஆற்றுப் பாலத்துக்கு இறங்கும் சாலையோரக் கருங்கல் சுவர். மூன்று வளைவு வாசல். வேலை முடிந்ததும், அதைக் கொடுத்த பொறியாளர் குமரகுருபரன் பார்வையிட வந்தார். ஆறடி மனிதர்.

"என்ன பாய், வளைவெல்லாம் தொங்கிக் கெடக்கு?"

"கொஞ்சம் குனிஞ்சு பாருங்க, சார்."

குமரகுருபரன் குனியாதவர் அல்ல. குனிய வேண்டிய இடங்களின் பட்டியல் அவரிடம் இருந்தது. அதில் இந்தச் சுவர் இல்லை.

"ஊர்ல எல்லாவனும் குனிஞ்சா பாப்பான்? ஆணிய ஒரு அடி மேல அடிச்சு, அழிச்சுட்டு வரையும். வெள்ளிக்கெழம வாரேன். சரியில்லன்னா வெள்ளையடிச்சிருவோம்."

சொன்னது நியாயம்தான். யஹ்யா ஆணியைப் பிடுங்கி ஐந்தரை அடியில் வைத்துப் பார்த்தார். அந்த உயரத்தில் அவருக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஆணியைப் பழைய இடத்துக்கே இறக்கினார்.

வியாழக்கிழமை காலை கடப்பாரையோடு வந்து, கம்பு நின்ற இடத்தைத் தோண்ட ஆரம்பித்தார். டீ ஆற்றிக்கொண்டிருந்த சுடலையாண்டி கடைக்குள்ளிருந்தே கேட்டார்:

"என்ன வே, யாருக்குக் குழி?"

யஹ்யா தோண்டிக்கொண்டே இருந்தார். சுடலையாண்டிக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. ஒரு டீயைத் தானே கொண்டுவந்து குழிக்கரையில் வைத்துவிட்டுப் போனார்.

ஓர் அடி ஆழம், ஓர் ஆள் நிற்கும் அகலம், உள்ளே சிமெண்ட் பூச்சு. வெள்ளிக்கிழமை பொறியாளர் வந்தார். குனியவில்லை, குழிக்குள் இறங்கினார். இரண்டும் வேறு. வளைவுகள் நிமிர்ந்தன.

"இப்பம் நேரா நிக்குல்லா! நான் அன்னைக்கே சொன்னேன். எப்பம் மாத்துனீரு?"

"நேத்து, சார்."

சாயங்காலம் வரை ஊர்க்காரர்கள் செல்போனோடு ஒவ்வொருவராக இறங்கி ஏறினார்கள். கூட்டம் வடிந்ததும் யஹ்யா ஏணியில் ஏறி, மிச்சமிருந்த சாக்பீஸ் குறிகளை ஈரத்துணியால் துடைத்தார். பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு குட்டையான பெண், காய்கறிப் பையோடு வந்து, குழிக்குள் இறங்காமல் ஓரத்திலேயே நின்றாள்.

"நேராத்தான இருக்கு! இதுக்கு எதுக்குக் குழி?"

சுவரைப் பார்த்து நின்ற யஹ்யா திரும்பவில்லை. துணி பிடித்த கை அந்தரத்திலேயே நின்றது. அடுத்து ஏதாவது சொல்லுமா அந்தக் குரல், ஒரு வெரக்கடை கீழ, மேல என்று.

ஆழ்வார்திருநகரி பஸ் வந்து, நின்று, போனது. அதன் பிறகே திரும்பினார். குழி மட்டும் இருந்தது.