பந்தல் இல்லாத வாசல்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதத்தில் நடந்தது இது. செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். உள்ளே ஐசியூவில் என் வீட்டுக்காரர். இமாசலத்தில் ஏதோ ஒரு பனிமலையில் என் மகள். அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டிய வேலை என்னுடையது.

முதலில் மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கூடுவாஞ்சேரியில் இருந்துகொண்டு பனிச்சறுக்குப் பந்தயத்துக்குப் போகிற பெண் என்றால் யாருக்குமே சிரிப்பு வரும். எங்கள் ஊரில் ஐஸ் என்றால் மீன் கடையிலும் ஜூஸ் கடையிலும்தான். ஆனால் அவளுக்கு அந்தப் பைத்தியம் சின்ன வயதிலேயே பிடித்துவிட்டது. மகாபலிபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறைக்குப் பக்கத்தில் வழவழவென்று ஒரு சரிவு இருக்கிறதே, அதில் எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்து சறுக்கி டவுசரைக் கிழித்துக்கொள்ளும். இவள் மட்டும் நின்றபடியே சறுக்கிக்கொண்டு வந்தாள். நான் ஐயோ என்று கத்தினேன், அவர் கைதட்டினார். எங்கள் ரெண்டு பேரின் லட்சணமும் கடைசிவரை அதுதான்.

அவர் ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். மகள் பள்ளிக்கூடத்தில் ஸ்கேட்டிங் சேர்ந்து நன்றாக ஓடினாள். ஒருநாள் அவர் போனில் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டினார். யாரோ வெள்ளைக்காரப் பெண் பனிமலையில் நட்டு வைத்த கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்குகிறாள். நம்ம பாப்பா பண்றதுதான் இது, கீழ கீறது மட்டும்தான் வேற என்றார். சரி, இந்த மனுஷனுக்கு முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஊருக்கு வெளியே மனை போட்டு, விற்காமல் கிடந்த ஒரு லேஅவுட் இருந்தது. அதில் நல்ல இறக்கமான தார் ரோடு. விடியற்காலையில் அங்கே போய் தண்ணீர் பாட்டில்களை இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று நிறுத்தி வைப்பார். இவள் சக்கரக் காலோடு மேலிருந்து இறங்க வேண்டும். இறங்குவதற்கு முன்னால் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, கையை முன்னால் நீட்டி, எந்த பாட்டிலில் எப்படித் திரும்புவாள் என்று வரிசையாகக் காற்றில் வளைத்துக் காட்ட வேண்டும். ஒரு திருப்பம் தப்பினாலும் மறுபடி முதலில் இருந்து. பெரிய வீரர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று அதையும் ஏதோ வீடியோவில்தான் பார்த்திருந்தார்.

காலேஜில் சேர்ந்த வருஷம் அவளுடைய ஸ்கேட்டிங் மாஸ்டர் ஒரு குழுவோடு அவளை இமாசலத்துக்கு அனுப்பினார். முதல் வருஷம் உடம்பெல்லாம் காயத்தோடு, கடைசி ஆளாக வந்து சேர்ந்தாள். அடுத்த வருஷம் நடுவில் வந்தாள். மூன்றாம் வருஷம் தேசிய அளவிலான போட்டிக்கு எடுத்துவிட்டார்கள். இவருக்கு ஒரு தடவைகூட லீவு கிடைத்து மேலே போக முடியவில்லை. பனியைக் கண்ணால் பார்க்காத மனுஷன், தினமும் போன் போட்டு இன்னிக்கு ஸ்னோ எப்படி கீது, கெட்டியா, பொலபொலன்னா என்று விசாரிப்பார்.

அவள் காலேஜுக்குப் போகும் முன்பே வீட்டில் ஒரு சாவு. அதையும் சொன்னால்தான் மற்றது புரியும். அவள் பிளஸ் டூ படிக்கும்போது, கோயம்புத்தூருக்கு ஸ்கேட்டிங் போட்டிக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து எங்கள் சொந்த ஊரான படாளத்தில் என் மாமனார் போய்விட்டார். எங்கள் ஊர்ப் பக்கம், தூரத்தில் இருப்பவர்களிடம் சாவை நேரடியாகச் சொல்ல மாட்டோம். வருகிற வழியில் மனசு உடைந்து ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு பயம். என் கொழுந்தனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணி, செத்துட்டாருன்னு சொல்லிடாத. ஆஸ்பத்திரில கீறாருன்னு மட்டும் சொல்லி வரச் சொல்லு" என்றார். நானும் அப்படியே சொன்னேன். தாத்தாவிடம் போனைக் கொடு என்று அவள் கேட்டாள். ஐசியூவில் போனை உள்ளே விட மாட்டார்கள் என்று கூசாமல் சொல்லிவிட்டேன்.

பாவம், வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வந்திருக்கிறாள். தாத்தா பிழைத்தால் மொட்டை போடுகிறேன் என்றுகூட வேண்டியிருக்கிறாள். பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனையில் திரும்பினால் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, கண்ணாடிப் பெட்டி. ஊரே ஒப்பாரி வைத்தபோது அவள் மட்டும் அழவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். புள்ள பத்திரமா வந்து சேர்ந்திச்சு என்று எல்லோரும் நிம்மதியானோம்.

இனி ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். அன்று காலையில் வேன் ஓட்டிக்கொண்டு இருக்கும்போதே அவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. ஆட்கள் நிறைந்த வண்டியை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தாராம். வரவேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அவருக்கு நினைவு நன்றாக இருந்தது. நாளைக்குப் பாப்பாவுக்குப் போட்டியாச்சே என்றேன். மழை பெய்தாலும் பயிற்சியை விடாத அந்த மனுஷன், "போட்டி இன்னொரு தபா வரும். அவள வரச் சொல்லு, பார்க்கணும் போல கீது" என்றார்.

வராந்தாவுக்கு வந்து மகளைக் கூப்பிட்டேன். அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஐசியூவில் இருக்கிறார், உன்னைப் பார்க்கணும் என்கிறார், உடனே கிளம்பி வா என்றேன். "அப்பாகிட்ட குடும்மா" என்றாள்.

"ஐசியூல போன் உள்ள வுட மாட்டாங்கம்மா" என்றேன்.

சரி என்று வைத்துவிட்டாள். ஏன், எப்படி என்று ஒரு கேள்வி இல்லை. தைரியமான பெண், பதறாமல் கிளம்பிவிட்டாள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அன்றே கிளம்பினால் மறுநாள் மத்தியானத்துக்குள் வந்துவிடலாம். மறுநாள் காலையில் போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். விமானத்தில் இருப்பாள் என்று நினைத்தேன். என்னை உள்ளே விடும்போதெல்லாம் அவர் வாசலையே பார்த்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான், வந்துட்டாளா. வந்துகினே கீறா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மத்தியானம் போய்ச் சாயங்காலம் ஆனது. மறுபடி ஒரு அட்டாக் வந்தது. அதற்குப் பிறகு அவர் கண் திறக்கவில்லை.

அவள் அதற்கும் மறுநாள்தான் வந்தாள். நேராக ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்குப் போயிருக்கிறாள். தெருமுனையில் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாளாம். வாசலில் பந்தல் இல்லை, நாற்காலி இல்லை, கூட்டம் இல்லை, பூட்டுதான் தொங்குகிறது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மா, அப்பா இன்னும் ஆஸ்பத்திரியிலதான் கீறாரு, நேத்து சாயங்காலத்துல இருந்துதான் கண்ணு தொறக்கலயாம் என்று சொன்னதும், பையை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஆட்டோவைப் பிடித்து ஓடி வந்தாள்.

எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. எங்கடி போயிருந்த என்று வராந்தாவிலேயே அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் திமிறவில்லை. "நீ உண்மையத்தான் சொல்றன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள்.

அப்புறம் மீதியைச் சொன்னாள். நான் போனில் பேசிய அந்த நிமிஷமே அப்பா செத்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டாள். தாத்தா செத்தபோது நான் சொன்ன அதே வார்த்தைகள். அவர்கள் குழுவின் கோச் அப்போதே ஜீப் ஏற்பாடு பண்ணுகிறேன் என்றிருக்கிறார், இவள்தான் வேண்டாம் என்றிருக்கிறாள். அப்பாவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பார்கள், நான் வராமல் எடுக்க மாட்டார்கள், அவர் ஆசைப்பட்டதை ஓடி முடித்துவிட்டே போவோம் என்று நினைத்தாளாம். யாராவது நிஜத்தைச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து போனையும் அணைத்துவிட்டாள். மறுநாள் காலை சரிவின் உச்சியில் நின்று, கண்ணை மூடி, அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஒவ்வொரு திருப்பத்தையும் கையால் வளைத்துப் பார்த்துவிட்டு இறங்கியிருக்கிறாள். அவள் ஓடியதிலேயே நல்ல ஓட்டம் அதுதானாம். மூன்றாவதாக வந்திருக்கிறாள். அந்த நேரத்தில் இங்கே அவர் வந்துட்டாளா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நர்ஸ் எங்களை உள்ளே விட்டார். மகள் அவர் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கையை மெதுவாக இடது பக்கம் வளைத்தாள், பிறகு வலது பக்கம். மலை உச்சியில் இருந்து அடிவாரம்வரை அந்தப் பந்தயத்தின் எல்லாத் திருப்பங்களையும் அவர் கையாலேயே காட்டினாள். முடிந்ததும் மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தாள்.

அடுத்த நாள் அவர் போய்விட்டார். மகள் பிடித்திருந்தபோது விரல் அசைந்தது, நான் பார்த்தேன் என்று அந்த நர்ஸ் சொன்னார். எங்களைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, நிஜமாகவே பார்த்தாரா, தெரியாது. நான் திருப்பிக் கேட்கவில்லை. அஸ்தியை மகாபலிபுரம் கடலில்தான் கரைத்தோம். அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கரைத்துவிட்டு, வெகு நேரம் வெளியே வராமல் நின்றாள்.

அவள் இன்னமும் ஒவ்வொரு பனிக்காலமும் மேலே போகிறாள். நான் போன் பண்ணினால் ஹலோவுக்கு முன்னாலேயே, அம்மா, நெஜமா எல்லாரும் நல்லா கீறீங்களா என்பாள். போன வருஷம் என் அண்ணன் இறந்தபோது, அவளிடம் பக்குவமாகச் சொல்லு என்று சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் எதிரிலேயே போனைப் போட்டு, "மாமா செத்துட்டாரும்மா" என்றேன். அந்தப் பக்கம் அவள் அழுதாள், அழுது முடிக்கும்வரை நான் போனை வைக்கவில்லை. நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று எனக்குப் பேர் வந்துவிட்டது, வரட்டும். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்து நான் சொன்னது முழுக்க உண்மை, ஆனால் அதை நம்ப முடியாதபடி நாங்களே அவளைப் பழக்கி வைத்திருந்தோம் என்பதை நினைக்கும்போதெல்லாம், வாசலையே பார்த்துக்கொண்டிருந்த அவருடைய அந்தக் கண்கள்தான் எனக்கு முன்னால் வந்து நிற்கின்றன.