மான்களுக்கு விதைத்த நாலு பரப்பு

மானுக்குப் பந்தி வைத்துவிட்டு அதில் வேப்பெண்ணெய் ஊற்றிய மனிதன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லி என் மனைவி இன்றைக்கும் சிரிக்க வைக்கிறாள். அவள் சொல்வது பாதிக்கதை. மீதியை நான் சொன்னால்தான் உண்டு.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகள் அவை. நோர்வேயில், ட்வெய்ட்டா என்ற இடத்தில் எட்டாம் மாடியில் இருந்தோம். எனக்குத் தபால் பிரிக்கும் வேலை. தாதிப் படிப்பை முடித்த கையோடு மகள், ஒரு நோர்வேஜியப் பெடியனைக் கட்டப்போவதாகச் சொன்னாள். கத்தினேன், ஒரு மாதம் முகம் கொடுக்காமல் திரிந்தேன். பெடியன் தங்கமான பெடியன், அதுதான் இன்னும் எரிச்சல். குறை பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் ஓம் என்றேன். ஆனால் பெடியனின் தகப்பன் கோப்பி குடிக்க வந்த அன்று, இரண்டு மணித்தியாலம் வாய் திறக்காமல் இருந்தேன். அவரும் பேச்சுக்காரர் இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் கேக் காய்ந்துபோனது.

அதற்கு அடுத்த கிழமை மகள் குசினிக்குள் வந்து என் முன்னால் நின்றாள்.

"அப்பா, செப்டெம்பரிலை கலியாணம். நகை வேண்டாம், மண்டபமும் வேண்டாம். மாமாவை ஒருக்கா உங்கடை வாயாலை சம்பந்தி எண்டு சொன்னாக் காணும். நீங்கள் ரெண்டு பேரும் ஆரோ எவரோ மாதிரி இருக்கிற மேசையிலை எனக்குச் சாப்பாடு இறங்காது."

"அது சொல்லி வாறதில்லைப் பிள்ளை. தானா வரவேணும்."

"அப்ப வரப்பண்ணுங்கோ. அவர் காட்டுக்கரையிலை மானுக்குத் தோட்டம் செய்யப்போறாராம். உதவிக்கு ஆள் இல்லையாம். போங்கோ."

மானிடமிருந்து தோட்டத்தைக் காப்பாற்றுவதைத்தான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். மானுக்கென்றே தோட்டமா? இந்த நாட்டில் எல்லாம் நடக்கும் என்று சொல்லிக்கொண்டு போனேன். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தபிறகு எப்படிப் போகாமல் இருப்பது?

லோறென்ஸ்கூக்கையும் தாண்டி ஒரு மணித்தியாலக் கார் ஓட்டம். காட்டை ஒட்டிய சிறு பண்ணை அவருடையது. அவருடைய குசினி மேசையில் கட்டம் போட்ட தாள் விரித்திருந்தது. வெட்டவெளியின் அளவை அவர் சொன்னார், நான் மனதுக்குள் எங்கள் கணக்குக்கு மாற்றினேன். நாலு பரப்பு வந்தது, கால் ஏக்கர். சதுரமாக வேண்டாம், நீளவாக்கில் போடுவோம், மானுக்குக் காட்டின் கரை கிட்ட இருந்தால்தான் பயமில்லாமல் தின்னும் என்றார். மண்ணில் புளிப்புக் கூட, ஆகவே முதலில் சுண்ணாம்பு. பிறகு ஓட்ஸ், பட்டாணி, குளோவர் என்கிற தீவனப் பூண்டு. தாளின் மூலையில் காற்று வரும் திசைக்கு ஓர் அம்பும் கீறினார். விதை பறக்காமல் இருக்கத்தான் என்று நினைத்துக்கொண்டு, நல்ல கவனமான மனிதர் என்று மெச்சினேன். இதெல்லாம் நோர்வேஜிய மொழியில்தான் நடந்தது. எனக்குப் பிழை வந்தால் அவர் திருத்தமாட்டார், காத்திருப்பார்.

எனக்குச் சித்திரை பிறந்ததும் விதைத்துவிட வேண்டும். கையோடு தமிழ்க் கடைக் கௌப்பிப் பயறும் ஒரு பை கொண்டுபோயிருந்தேன். அவர் அசையவில்லை. மண்ணுக்குள் ஒரு வெப்பமானியைக் குத்திவிட்டுப் பார்த்துத் தலையாட்டுவார். மண்ணுக்குக் காய்ச்சல் பார்க்கிற மனிதரை அன்றுதான் கண்டேன். யூன் தொடக்கத்திலும் ஒரு உறைபனி வந்து முளையைக் கருக்கிவிடும் என்றார். வந்தது. நான் கௌப்பிப் பையைத் திரும்பக் கட்டி வைத்தேன். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை விதைத்தோம். கௌப்பிக்கு ஓரமாக இரண்டு வரிசை விட்டுத் தந்தார். "இது உங்களுடையது," என்றார். அன்று பின்னேரமே, தோட்டத்தின் தலைப்பில் பலகையால் உயரமாக ஓர் இருக்கை கட்டினோம். பரண் என்று நான் கண்டுகொண்டேன். தினைப்புனம் காக்கிறவர்கள் ஏறி இருப்பதுபோல ஒன்று. பலகை சுமந்ததும், ஏணிக்கு ஆணி அடித்ததும் நான்தான்.

முளை வந்ததும் மான் மொட்டையடித்துவிடும் என்று, அது வெருண்டு ஒதுங்கச் சுற்றிவர நாடா கட்டியிருந்தார். யூலையில் அவரும் மனைவியும் மலைக் குடிசைக்குப் போனார்கள். பயிர் முழங்கால் அளவு வந்ததும் நாடாவை அவிழ்த்துவிடும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நாலு பரப்பையும் என்னை நம்பி விட்டுப்போனது எனக்குப் பெருமையாக இருந்தது. மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். நாடாவை அவிழ்த்துக்கொண்டு பார்த்தால், என் கௌப்பி இலையெல்லாம் ஓட்டை! பட்டாணியில் செடிப்பேன் அப்பியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே வேப்பெண்ணெய் வாங்கி, சவர்க்காரத் தண்ணீரில் கலக்கி, முதுகில் தெளிகருவியைக் கட்டிக்கொண்டு நாலு பரப்புக்கும் அடித்தேன்.

மூன்று நாள் கழித்துப் போனோம். ஒரு பெட்டை மானும் இரண்டு குட்டிகளும் காட்டைவிட்டு வெளியே வந்தன. பயிருக்குக் கிட்ட வந்து, முகர்ந்து, தலையை உதறிவிட்டு, பற்றைப் புல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போயின.

"இஞ்சேருங்கோ," என்றாள் மனைவி மெல்ல. "மானுக்கு விதைச்ச தோட்டத்துக்கே மருந்தடிச்சனீங்கள்?"

அவள் சிரிக்கத் தொடங்கிப் புல்லிலேயே இருந்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. மழை கழுவிவிடும் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

ஓகஸ்டில் அவர் திரும்பி வந்ததும் இருவரும் பரணில் ஏறினோம். பயிரைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது.

"நல்ல காவல் பரண்," என்றேன்.

"காவலா?" என்றவர், கம்பளித் துணி சுற்றிய குறுக்குப் பலகையைத் தட்டிக் காட்டினார். துவக்கைச் சாய்த்து வைக்கும் இடம். "இங்கிருந்து ஒவ்வொரு மூலையும் தெரியும். காற்று மானின் பக்கமிருந்து எங்களிடம் வரும், எங்கள் வாடை அதற்குப் போகாது. அடுத்த கிழமை வேட்டை தொடங்குகிறது."

அந்த அம்புக்குறி எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"ஆட்டிறைச்சிக் கறிக்கு எலும்பு காணாதெண்டு சண்டை பிடிக்கிற ஆள்," என்றாள் மனைவி, "மானுக்கு ஏன் துள்ளுறியள்?"

"ஆடு எங்கடை வீட்டுப் பந்தியிலை இருந்து சாப்பிட்டதோ? இது நான் போட்ட சாப்பாடு. சாப்பிட்டுக்கொண்டிருக்கிறதைச் சுடுறதோ?"

அடுத்த சனிக்கிழமை, மகளின் கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்க, நான் செய்தது அறியாமல் செய்த பிழை இல்லை. ஒருவருக்கும் சொல்லாமல் நாலு போத்தல் வேப்பெண்ணெயோடு போனேன். பாதி அடித்து முடிக்கும்போது பின்னால் அவர் நின்றார். ஓர் இலையைப் பிய்த்து வாயில் போட்டார், முகத்தைச் சுளித்துத் துப்பினார். யூலையிலிருந்து மான்கள் ஏன் ஓரத்திலேயே நின்றன என்பதும் அவருக்கு அந்த ஒரு துப்பலில் விளங்கியிருக்கும்.

என் நோர்வேஜியன் கோபத்தில் இன்னும் மோசமாகும். "எங்கள் வீட்டில் சாப்பாட்டில் இருக்கிற ஆளை நடுவில் எழுப்பமாட்டோம்," என்றேன். "கடன்காரன் வந்தாலும் சாப்பிட்டு முடியும்வரை வாசலில் நிற்பான். நான் விதைத்ததை நம்பி அது தலை குனியும்போது நீங்கள் சுடுவீர்கள் என்றால், நான் கூப்பிட்டுக் கொன்றதாக ஆகும்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தெளிகருவியை என் முதுகிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு நடந்து போனார். மகளின் கலியாணத்தை என் கையாலேயே குழப்பிவிட்டேன் என்று நினைத்தேன். மகளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நாலு கிழமை அந்தப் பக்கமிருந்து சத்தமே இல்லை. மழை மட்டும் நன்றாகப் பெய்தது.

கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் அவருடைய கார் எங்கள் கட்டடத்துக்குக் கீழே வந்து நின்றது. "வாருங்கள்," என்றார். காரில் ஏறினேன்.

தோட்டத்தின் தலைப்பில் பரண் இல்லை. அது நின்ற இடத்தில் நாலு குழிகள் மட்டும். குழிகளுக்கு நடுவில், பரணில் மிஞ்சிய பலகையால் செய்த ஒரு வாங்கு தரையில் கிடந்தது. இருவர் இருக்கலாம்.

"பரணைக் குன்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டேன்," என்றார். "நான் வேட்டைக்காரன், விடமாட்டேன். நாளைக்கு மேசையில் மான் இறைச்சியும் இருக்கும். ஆனால் அந்த மான் குன்றுக்கு அப்பால் நின்றது. இங்கே வருகிறவை உங்கள் விருந்தாளிகள்."

நான் வாங்கில் இருந்தேன். அவரும் பக்கத்தில் இருந்தார். என் கௌப்பி குளிரில் கருகிப் போயிருந்தது, ஆனால் பட்டாணிக் கொடியும் குளோவரும் பச்சையாகவே நின்றன. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெட்டை மான் வந்தது. பின்னால் குட்டிகள். முகர்ந்தது, தலையை உதறவில்லை. தின்னத் தொடங்கியது. மூன்றும் தின்றன. அவ்வளவு ஆசையாக ஓர் உயிர் சாப்பிடுவதை நான் மகளின் சின்ன வயதில்தான் பார்த்திருக்கிறேன்.

அப்போது பார்த்து என் கைத்தொலைபேசி அலறியது. மூன்று தலையும் நிமிர்ந்தன, வெள்ளைப் பின்புறங்கள் துள்ளிக் காட்டுக்குள் மறைந்தன. சாப்பாட்டில் இருந்ததை எழுப்பியவன் கடைசியில் நானேதான். பக்கத்தில் இருந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சத்தமாகச் சிரிப்பதை அன்றுதான் கேட்டேன்.

மகள்தான் அழைப்பு எடுத்திருந்தாள். "அப்பா, எங்கை நிக்கிறியள்? அம்மா தேடுறா. அது ஆர் சிரிக்கிறது?"

"சம்பந்தியோடை இருக்கிறன் பிள்ளை," என்றேன். "சம்பந்திதான் சிரிக்கிறார்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆறுதலாக வாங்கோ, ஒரு அவசரமும் இல்லை என்றாள்.