மூன்றுக்குப் பத்திரிகை இல்லை

கணக்கு சொல்லிக்கொடுப்பவனுக்கு விடை தெரியும் என்பதுதான் அவனுடைய முதல் தொல்லை. தெரியாதவர் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார் என்பது அவனுக்குப் பிடிபடவே படாது. ட்யூஷன் எடுத்து நொந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெங்களூரை விட்டுவிட்டுக் கொல்லிமலைக்கே திரும்பி வந்து, மலையின் ஊர்ப்பிரிவுகளில் ஒன்றான அரியூர் நாட்டில் மாலை வகுப்பு நடத்துகிறேன். பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதும் சந்திரா வந்து சேர்ந்தார். அங்கன்வாடியில் உதவியாளர், தேறினால் பணியாளராக உயர வழியுண்டு. கணக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் காலை வாரியது. இந்தத் தடவையும் போனால் இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்திருந்தார்.

பேர் தெரியாத ஆள்

சார்புப் பாடத்துக்கு f(x) = 2x + 3 என்று எழுதினேன். x இருக்கும் இடத்தில் கொடுத்த எண்ணைப் போட வேண்டும். f(5) பதின்மூன்று என்று உடனே சொன்னார். மைனஸ் எண்ணுக்கும் மிரளவில்லை. அந்தத் தெம்பில் f(a) கேட்டேன். பேனா நின்றுவிட்டது. "a-வை அப்படியே உள்ளே போடுங்க, 2a + 3, அவ்வளவுதான்" என்றேன்.

"ஏனுங்க சார், கொழந்தையக் கூட்டிட்டுப் போக வர்ற ஆளு யாருன்னு தெரியாம நாங்க கேட்டையே தொறக்க மாட்டமுங்க. நீங்க பேரு தெரியாததை உள்ள விடச் சொல்றீங்க."

மூன்று செய்த பாவம்

சார்புக்குள் போகத்தக்க எண்களெல்லாம் சேர்ந்தது மதிப்பகம். கல்லூரியில் இதை டொமைன் என்று படித்தவன் நான். இரண்டும் மாறி மாறி வாயில் வரும். 1/(x − 3) எழுதி, "இதன் மதிப்பகத்தில் மூன்று மட்டும் கிடையாது" என்றேன். சந்திராவை அழைத்துப்போக வந்த கணவர் பழனியப்பன் வாசலில் பைக்கில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "ஊரையே கூப்பிட்டுட்டு ஒரு பங்காளிக்கு மட்டும் பத்திரிகை வெக்காத கதையா இருக்குதுங்களே" என்றார். மூன்றைப் போட்டால் கீழே பூச்சியம் வரும், பூச்சியத்தால் வகுக்க முடியாது என்றேன். பைக்கிலிருந்து நிமிர்ந்தார்.

"அப்ப அவன் வந்தா பந்தியே நின்னுபோயிருமுன்னு சொல்லுங்க. கூப்பிடாததுல தப்பில்லீங்க."

கொடி ஏறாத மரம்

வீச்சகத்தில்தான் உண்மையான சிக்கல். அம்புக்குறிப் படத்தில் இடப்பக்கத்து மதிப்பகத்திலிருந்து அம்பு வந்து சேர்ந்த எண்களை மட்டும் எழுத வேண்டிய இடத்தில், வலப்பக்கம் இருந்த எல்லாவற்றையும் எழுதுவார். தேர்வோ நெருங்கிவிட்டது. மிளகுத் தோட்டத்தை உதாரணம் காட்டினேன். கொடி ஏறிய மரங்கள்தான் வீச்சகம். வெறுமனே நிற்கும் மரம், வலப்பக்கம் முழுவதையும் குறிக்கும் துணை மதிப்பகத்தோடு சரி. நன்றாகத் தலையாட்டினார். அடுத்த கணக்கிலும் எல்லா எண்ணும் இருந்தது. "வெறும் மரத்தை ஏன் சேர்த்தீங்க?"

"அடுத்த மழைக்கு அதுலயும் கொடி வெச்சுருவமுங்க. நல்ல மரத்தை எப்படீங்க விட்டுட்டு எழுதறது?"

முடிவு வந்த சாயங்காலம்

அதற்குப் பிறகு, கொடி ஏறிய மரம் என்பதற்கு முன்னால் "இன்றைய தேதிக்கு" என்று சேர்த்துச் சொன்னேன், தப்பு நின்றது. கீழே சேந்தமங்கலம் போய்த் தேர்வு எழுதி வந்தவர், "எழுதியிருக்கேனுங்க" என்றார். முடிவு வந்த அன்று மலையில் சிக்னல் இல்லை. பழனியப்பன் காளப்பநாயக்கன்பட்டிவரை இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு நேராக வகுப்புக்கே வந்தார். பைக் சத்தம் கேட்டதும் சாக்பீஸைக் கீழே வைத்தேன். "பாஸ்" என்றார். சந்திரா நோட்டை மூடினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாஸாயிட்டேனுங்க சார். இனி இதையெல்லாம் மறந்துரலாமுங்களா?"

தாராளமாக மறக்கலாம் என்று சொல்லும் இடத்துக்கு ஒருவரைக் கொண்டுவந்து விடுவதற்குத்தான் நாங்கள் இத்தனை சாக்பீஸ் கரைக்கிறோம்.