பாமன்கடையில் குளிர்காலம்

கொழும்பு வெள்ளவத்தையில் குளிரைக் கண்ணால் கண்டவர்கள் குறைவு. ஆனால் குளிரைப் பற்றித் தெரியாதவர் ஒருவரும் இல்லை. வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பதால், ஃபேனுக்குக் கீழே கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே பனியில் வழுக்காமல் நடப்பது எப்படி என்று சொல்லித்தரக்கூடியவர்கள் எங்கள் தொடர்மாடியில் எல்லா மாடியிலும் இருந்தார்கள். அம்மா இங்கிலாந்துக்குப் போகப்போகிறார் என்ற செய்தி வெளியே வந்ததும், அவர்கள் ஒவ்வொருவராக எங்கள் வீட்டுக் கதவைத் தட்டத் தொடங்கினார்கள்.

அம்மா கொழும்பில் ஒரு தனியார் மருத்துவமனையில் தாதியாக இருந்தார். இங்கிலாந்தில் கிடைத்திருந்த வேலை வேறு மாதிரி. விடியுமுன் புறப்பட்டு, தனியாக இருக்கும் வயோதிபர்களின் வீடுகளுக்குப் போய், அவர்களை எழுப்பிக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். முதலில் அம்மா தனியாகப் போவார், அப்பாவும் நானும் பிறகு போவோம் என்பது ஏற்பாடு. அந்தப் பிறகு எப்போது வரும் என்று நான் கேட்டால், பெரியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு ஏதாவது கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். நான் அப்போது நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் அண்ணா, அதாவது என் மாமா, கனடாவிலிருந்து விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்து எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். குளிர் விஷயத்தில் அவர் சொன்னதே எங்கள் வீட்டில் கடைசிச் சொல்.

“குளிர் தாங்கேலாமல் அடுத்த பிளேன்லயே திரும்பி வந்த ஆக்களும் இருக்கினம்,” என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார். அம்மாவைக் கவனமாக இருக்கச் செய்வதற்காகச் சொன்ன வார்த்தை என் வயிற்றில் பால் வார்த்தது. அன்றிலிருந்து, அம்மாவுக்கு நன்றாகக் குளிர வேண்டும் என்று நான் பிள்ளையாரிடம் கேட்கத் தொடங்கினேன்.

எங்கள் சொந்தத்துக்குள் ஒரு தடித்த கறுப்புக் கோட் உண்டு. முதலில் யார் வாங்கினார்கள் என்று ஒருவருக்கும் நினைவில்லை. வெளிநாட்டுக்குப் புறப்படுகிறவர் அதைப் போட்டுக்கொண்டு போவார். ஊருக்கு வருகிற யாராவது அதைத் திருப்பிக் கொண்டுவந்து, பூச்சி உருண்டை போட்டு, அடுத்தவருக்காக அலுமாரியில் தொங்கவிடுவார்கள். எங்களில் அதிக நாடு பார்த்தது அந்தக் கோட்தான். இப்போது அது அம்மாவின் முறைக்கு வந்திருந்தது. அதற்குள்ளே போட ஒரு கம்பளிச் சட்டையும் உடம்போடு ஒட்டிக்கிடக்கும் தேர்மல் என்ற உள்சட்டையும், ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவற்றை விற்கும் கடையில் வாங்கினோம். இந்த நாட்டில் ஒருவரும் போட முடியாத உடுப்பை இந்த நாட்டிலேயே தைக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரியவந்தது.

தேர்மலுக்கு நீளக் கை. அதில்தான் அண்ணனுக்கும் தங்கைக்கும் முட்டிக்கொண்டது.

“இதை உள்ளுக்குப் போட்டு, மேல யூனிஃபோமைப் போடு. அவ்வளவுதான்.”

“ஏலாது அண்ணா. முழங்கைக்குக் கீழ துணி இருக்கக்கூடாது. ஆக்களைத் தொடுற வேலை. கை கழுவிக்கொண்டே இருக்கோணும்.”

“அப்ப கை விறைச்செல்லோ போகும்.”

“கை விறைக்கட்டும். மற்ற உடம்பைப் பாப்பம்.”

கனடாவில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவருக்குக் குளிரைப் பற்றி ஒரு கொழும்புக்காரி பாடம் எடுப்பது பிடிக்கவில்லை. ஆனாலும் கடைசியில் அவரே இறங்கிவந்து தேர்மலின் கைகளை வெட்டச் சொன்னார். கோட்டையும் கம்பளிச் சட்டையையும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கழற்றி, திரும்பும்போது போட வேண்டும். அதற்கு ஒத்திகை வேண்டும் என்றார்.

அப்படித்தான் எங்கள் வீடு இங்கிலாந்தின் ஒரு தெருவானது. படுக்கையறை ஒரு வீடு, குசினி இன்னொரு வீடு. அப்பா எழும்ப முடியாத கிழவர். நான் காது கேளாத கிழவி. அம்மா வெளி வாசலிலிருந்து கோட்டோடு வந்து, எல்லாவற்றையும் கழற்றி, கை கழுவி, உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கிவிட்டுத்தான் எங்களைத் தொடுவார். இந்த வெயிலில் எதற்கு உரசுகிறீர்கள் என்று கேட்டேன்.

“குளிர்ந்த கையால தொட்டா வயசான ஆக்கள் திடுக்கிடுவினம், குஞ்சு. இப்பவே பழகோணும்.”

ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கியதில் அம்மா வியர்வையில் தெப்பமாக நனைந்துவிட்டார். அப்பா கிழவராக நடித்து நடித்து உண்மையாகவே நித்திரையாகிவிட்டார்.

“இந்த வெக்கைக்குள்ள ஒண்டும் விளங்காது,” என்றார் மாமா. அவருடைய பள்ளிக்கூட நண்பர் ஒருவருக்குப் பாமன்கடையில் உறைந்த மீன் விற்கும் கடை இருந்தது. கடையின் பின்னால் ஆள் உள்ளே நடந்து போகக்கூடிய குளிர் அறையும் உண்டு. அடுத்த ஞாயிறு மத்தியானம் நாங்கள் எல்லோரும் அங்கே போய் இறங்கினோம். அம்மா கோட், குல்லா, தடித்த காலுறை எல்லாம் போட்டுக்கொண்டு கடை வாசலில் நின்றபோது, மீன் வாங்க வந்தவர்கள் மீனை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

“பஸ் வரேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு நில்லு,” என்று சொல்லி மாமா அம்மாவை உள்ளே அனுப்பினார். கதவு தடித்த சத்தத்தோடு மூடிக்கொண்டது.

நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது தட்டுவார், இப்போது தட்டுவார் என்று காத்திருந்தேன். தட்டினால் அம்மா எங்களோடுதான். கதவு பேசாமல் இருந்தது. போதும் என்று மாமாவே நினைத்து, அங்கே வேலை செய்த சிங்கள ஐயாவைத் திறக்கச் சொன்னார். அவர் கதவைச் சற்றுத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, உடனே மூடிவிட்டார்.

“நோனா இன்னும் கொஞ்சம் இருக்கிறது சொல்றாங்க,” என்றார் தயங்கியபடி. “முகத்தை மூடிக்கொண்டு நிக்கிறாங்க.”

“பாத்தீங்களே? முகத்தை மூடுறது நான் சொல்லிக் குடுத்தது,” என்று மாமா பெருமைப்பட்டார்.

கடைசியில் கதவு திறந்தபோது முதலில் வெள்ளைப் புகை வந்தது. அதன் பின்னால் அம்மா வந்தார். கண்ணும் மூக்கும் சிவந்து, கன்னம் நனைந்திருந்தது.

“குளிருக்கு முதல்ல கண்ணாலதான் தண்ணி வரும்,” என்று மாமா எங்களுக்கு விளக்கினார். “காலைப் பாத்தம், காதைப் பாத்தம், கண்ணை விட்டிட்டம்.” கண்ணுக்கு என்ன போடலாம் என்று அவரும் நண்பரும் அங்கேயே யோசிக்கத் தொடங்கினார்கள். அப்பா மட்டும் அம்மாவின் முன்னால் போய் நின்று, கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

நான் இடையில் புகுந்து, “தாங்கேலாமல் இருந்ததோ அம்மா?” என்று கேட்டேன். ஓம் என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்குப் போதும்.

“இல்லைக் குஞ்சு. உடுப்பு நல்ல சூடு,” என்றார் அம்மா.

திரும்பி வரும்போது முச்சக்கரவண்டியில் நான் அம்மாவின் மடியில் ஏறாமல் அப்பாவோடு ஒட்டிக்கொண்டு வந்தேன். இத்தனை குளிரிலும் கதவைத் தட்டாதவருக்குப் போக ஆசைதான் என்று முடிவுகட்டிவிட்டேன். விருந்தாளிகளும் புத்தி சொல்ல வருகிறவர்களுமாக நிறைந்து கிடந்த எங்கள் வீட்டில், குளியலறைக் கதவைக்கூட எந்த நேரமும் யாராவது தட்டிக்கொண்டிருந்த அந்த நாட்களில், ஒரு தாய் ஒருவர் கண்ணிலும் படாமல் நிற்கக் கிடைத்த ஒரே இடம் அந்த மீன் அறைதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? போக மனமே இல்லாத ஒருவரும், உடுக்க வேண்டியதையெல்லாம் சரியாக உடுத்துக்கொண்டு புறப்பட்டுப் போவார் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.