கோர்வைக்கு எதிர்ப்பக்கம்

நெதர்லாந்தில் என் மேலாளரின் பெயர் யான். தினமும் காலையில் "குட்மார்னிங், யான்" என்னும்போது எனக்கு நானே வணக்கம் வைத்துக்கொள்வதுபோல் இருக்கும். நான்கு வருடமாகியும் அந்தக் கூச்சம் போகவில்லை.

பத்திரிகைகளும் கடைகளும் தங்கள் இணையதளத்தை எழுதி வெளியிட உதவும் கிளவுட் மென்பொருள் ஒன்றைச் செய்கிறோம். புதிய பதிப்பில் நிறைய வருகிறது: சொன்ன நேரத்தில் தானாக வெளியாகும் பக்கம், அழித்ததை மீட்கும் வசதி. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரே பக்கத்தின் ஓரத்தை ஒருவரும் நடுவை இன்னொருவரும் ஒரே நேரத்தில் திருத்தலாம். வாடிக்கையாளர்கள் முன் அதை நான்தான் விளக்குவேன் என்று புதுச் சட்டைகூட வாங்கி வைத்திருந்தேன். வாய்ப்பு செல்விக்குப் போய்விட்டது.

செல்வி என்னோடு கல்லூரியில் படித்தவள். எங்கள் காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்து வீட்டு மாடியிலிருந்தே எங்கள் நிறுவனத்துக்கு வேலை செய்கிறாள். பக்கத்தில் அம்மா கொண்டுவந்து வைக்கும் சூடான காபி. கடல் தாண்டிவந்து குளிரில் சைக்கிள் மிதிப்பவன் நான். பெயர் வாங்குவது அவள்! வயிறு எரிந்தது, ஏன் மறைக்க வேண்டும்? போதாததற்கு, அந்த வசதிக்குக் 'கோர்வை' என்று பெயரும் வைத்துவிட்டாள். புடவையின் கரையையும் உடலையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து இணைப்பதற்கு எங்கள் ஊரில் சொல்லும் சொல். எங்கள் வீட்டிலும் தறி இருந்தது. அப்பா நெய்ய, எதிர்ப்பக்கம் அம்மா உட்கார்ந்து கரைநூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டேதான் சோறு தின்றேன். எனக்கு ஏன் தோன்றவில்லை?

யானிடம் கடுப்பாகவே சொன்னேன்: "கோர்வை ஒருத்தரால் ஆகாது. இரண்டு பேர் வேண்டும்."

அவர் முகம் மலர்ந்தது. "அருமை! அப்படியானால் நீயே அவளுக்கு உதவி செய்." நான் வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம்.

மாலை செல்வி அழைத்தாள். "இன்னாபா, நீயே வரேன்னு சொன்னியாமே! அப்புறம் ஏன் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்குற? நான் நடுவுல பாத்துக்கறேன், நீ கரையத் தள்ளு. இங்க வேற யாருக்குப்பா இது புரியும்?"

விளக்க நாளில் இருவரும் ஒரே பக்கத்தில் எழுதினோம். திருத்துபவரின் பெயருக்குக் கீழே ஊரும் தெரிவது இன்னொரு புது வசதி. செல்வியின் கணக்கை இங்குள்ள தலைமை அலுவலகம் திறந்ததால் அவளுக்குக் கீழே நான் இருக்கும் 'ராட்டர்டாம்'. சேர்ந்த நாளில் நிரப்பியதை நான் மாற்றாததால் எனக்குக் கீழே 'காஞ்சிபுரம்'. கைதட்டல் முழுக்க அவளுக்கே.

"ஊர்ப்பெயர்களைச் சரிசெய்துவிடு" என்றார் யான். அவளுடையதை உடனே திருத்தினேன், ராட்டர்டாமும் அவளுக்கா என்ற ஆத்திரத்தில். என்னுடையதை இன்னும் தொடவில்லை. திரையில் இப்போது நாங்கள் இருவருமே காஞ்சிபுரத்தில் இருக்கிறோம். காபி மட்டும் அவளுக்கு.