கோம்பை நாயும் மாமாவின் இருமலும்

எங்கள் வீட்டுக் கோம்பை நாய் ஒரு பூனைக்குட்டியைக் கொன்ற அன்றோடு எங்கள் வீட்டில் மீன்குழம்பு நின்றுபோயிற்று.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் போகும் வழியில், வண்டி நுழையாத ஒரு சந்தில் குடியிருந்தோம். நான் நான்காம் வகுப்பில் வாசித்த சிறுமி. நாயை வளர்த்தவர் எங்களோடு தங்கியிருந்த மாமா, என் தாயாரின் தம்பி. நிலக்கோட்டையிலிருந்து மல்லிகை ஏற்றி வரும் வேனில் அவருக்கு வேலை. அந்த நாய் தான் வளர்ந்த வாசலை அசுத்தம் செய்யாது. மாலையில் மாமா வந்து சங்கிலியைப் பிடித்துச் சந்துக்கு வெளியே அழைத்துச் செல்லும்வரை அடக்கிக்கொண்டு கிடக்கும்.

எதிர்வீட்டில் மீன்கார அக்கா தனியாக இருந்தார். ஆத்தூர் அணையிலிருந்து மீன் எடுத்து வந்து விற்பவர். மிஞ்சிய தலையும் குடலும் சந்தில் திரியும் பூனைகளுக்கு. அவை அவருடையவையும் அல்ல, வேறு எவருடையவையும் அல்ல. பசித்த வேளையில் மட்டும் அவருடையவை.

ஒரு மாலை சங்கிலி மாமாவின் கையில் இருக்கும்போதே நாய் ஒரே எம்பலில் குட்டியைக் கவ்விவிட்டது. அக்கா அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"நாயைப் புடிக்கத் துப்பில்லேன்னா என்னத்துக்குண்ணே வளக்குறீங்க?"

"பூனையைத் தெருவுல அவுத்து விட்டுட்டு எங்கிட்ட நியாயம் கேக்க வந்துட்டியாக்கும்" என்றார் என் தகப்பனார்.

"பூனைக்கு எவன் கயிறு கட்டுவான்? நீங்க வேணா கட்டிப் பாருங்க."

வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அக்காவின் புகாரைத் தாங்கிக்கொண்ட தகப்பனாரால் அந்தச் சிரிப்பைத் தாங்க இயலவில்லை. அந்த இடத்திலேயே இரண்டு உத்தரவுகள் பிறந்தன. இனி எங்கள் வீட்டார் எவரும் எதிர்வீட்டோடு பேசலாகாது, மீனும் வாங்கலாகாது. இன்னொரு பூனை செத்தால் நாயை நத்தத்தில் உறவினர் மாந்தோப்புக்கு அனுப்பிவிட வேண்டும்.

முதல் உத்தரவுக்கு மாமா தலையசைத்தார். இரண்டாவதைக் கேட்டதும் நாயின் கழுத்தில் கை வைத்தவர் நெடுநேரம் எடுக்கவில்லை. அந்தத் தோப்பில் முன்பு கட்டிப்போட்டிருந்த நாயை நானும் பார்த்திருக்கிறேன். சங்கிலி எட்டிய வட்டத்திற்குள் புல்லே முளைத்திருக்கவில்லை.

சில நாட்களுக்குப் பின் எதிர்வீட்டில் ஒரு புது வழக்கம் தொடங்கியது. மாலையில் மாமா வேலை முடிந்து வந்த சற்று நேரத்திற்கெல்லாம் அக்கா ஓர் ஈயத் தட்டைக் கரண்டியால் ஓங்கித் தட்டுவார். சுவரிலும் ஓட்டிலும் கிடந்த பூனைகள் அவர் வீட்டுக் கொட்டகைக்குப் பாயும். கொட்டகைக் கதவு சாத்தப்படும்.

"நம்ம நாயைச் சீண்டுறா" என்று தகப்பனார் பல்லைக் கடிப்பார். நானும் அப்படியே நம்பினேன். ஆகவே, தட்டுச் சத்தம் ஓய்ந்த மறுகணமே மாமா நாயோடு புறப்படுவதைக் கண்டு, அறைகூவலுக்கு அஞ்சாத வீரர் என்று அவரைக் குறித்துப் பெருமிதம் கொண்டேன்.

அந்த வீரருக்கு ஒரு குறை இருந்தது. நாயை அழைத்து வந்து கட்டியதும் வாசலில் நின்று பலமாக இருமுவார்.

"பூத்தூசி நெஞ்சுல தங்கிருச்சு" என்று தாயார் கவலைப்பட்டு ஆடாதொடைக் கஷாயம் வைக்கத் தொடங்கினார்.

ஐப்பசியில் ஒருநாள் பகலெல்லாம் மழை. மாமா வந்து சங்கிலியைக் கொக்கியிலிருந்து கழற்றிக்கொண்டு வாசலில் நின்றார். தட்டுச் சத்தம் கேட்கவில்லை. எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. நாய் முனகிற்று, வட்டமிட்டது, சங்கிலியை இழுத்தது. மாமாவின் கண்கள் எதிர்ச் சுவரின் மேலேயே இருந்தன.

"என்ன மாப்ள, நல்ல நேரம் பாக்குறியா?"

"செத்த நேரம் போகட்டும் மச்சான்."

"வாயில்லாச் சீவன் துடிக்குது. மழைக்குப் பயந்தா நீ உள்ள போ." தகப்பனார் சங்கிலியைப் பறித்துக்கொண்டு இறங்கிவிட்டார். "மச்சான், கையில சுத்திப் புடிங்க" என்று மாமா சொன்னது அவர் காதில் விழவில்லை.

பத்தடிகூடப் போயிருக்க மாட்டார்கள். கூரை ஒழுகிற்றோ என்னவோ, தாய்ப்பூனையொன்று குட்டியை வாயில் கவ்வியபடி சுவரிலிருந்து சந்தில் குதித்தது. நாய் பாய்ந்தது. தகப்பனார் சேற்றில் விழுந்தார். சங்கிலி கை நழுவிற்று. எதிர்வீட்டுப் படியோரம் ஒதுங்கிய பூனை முதுகை வளைத்து நின்றதேயொழியக் குட்டியை விடவில்லை. நாய்க்கும் அதற்கும் இடையே ஓர் எட்டுத்தான் மிச்சம். என் கண்முன் நத்தத்தின் புல்லில்லாத வட்டம் வந்து நின்றது.

மாமா நாயைப் பிடிக்க ஓடவில்லை. வாசலில் கவிழ்ந்திருந்த தகர வாளியை எடுத்து, விறகுக் கட்டையால் ஓங்கித் தட்டினார். அக்கா தட்டும் அதே தாளம்.

சத்தம் எழுந்ததும் பூனை குட்டியோடு எம்பிச் சுவரேறிக் கொட்டகைப் பக்கம் மறைந்தது. நாயோ பாதிப் பாய்ச்சலில் நின்று, திரும்பி வந்து மாமாவின் காலருகே கழுத்தை நீட்டி நின்றது. தினமும் அந்தச் சத்தத்திற்குப் பின் அவர் சங்கிலியைக் கையில் சுற்றுவார் அல்லவா, அதற்காக.

சேறும் வேட்டியுமாய் எழுந்த தகப்பனார் மாமாவின் தோளில் தட்டினார். "இம்புட்டு நாளும் அவ தட்டுனா. இன்னைக்குத்தான் மாப்ள உனக்கு ரோசம் வந்திருக்கு."

சந்தின் முனையில் மீன்கூடையோடு நனைந்து நின்றிருந்தார் அக்கா. வாளியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். எங்களைத் தாண்டிப் போய்ப் பூட்டைத் திறந்துகொண்டே, ஓட்டின்மேல் இருந்த வேறொரு பூனையிடம், "நான் என்ன செய்யட்டும், அணைப் பக்கம் மழை. பஸ்ஸு வரலைல்ல" என்றார். பேருந்து வராததைப் பூனையிடம் போய் ஏன் சொல்கிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மாமா சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தபடி தலையை மட்டும் அசைத்தார்.

பிறகு உள்ளே தட்டு ஒலித்தது. மாமா நாயோடு போய் வந்தார். கட்டிவிட்டு வாசலில் நின்று இருமினார். இருமி முடிக்கவும், வழக்கம்போல் எதிரே கொட்டகையின் தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

தாயார் கஷாயமும், கசப்புக்கு மாற்றாக ஒரு துண்டு வெல்லமும் கொண்டுவந்தார். தகப்பனார் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, வெல்லத்தை என் கையில் வைத்தார்.

அவருக்குக் கசப்பு பிடிக்கும் போலும் என்று எண்ணியவாறே அதை வாயில் போட்டுக்கொண்டேன்.