யாருக்காவது உடம்பு சரியில்லையா?

காலை ஏழு மணிக்கே என் நாத்தனார் ஆட்டக்காரிகள் தங்கியிருக்கிற விடுதியின் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வருகிற ஒவ்வொருத்தியின் கணுக்காலையும் பார்க்கிறாள். முகத்தைப் பார்ப்பதே இல்லை. யாராவது தும்மிவிட்டால் ஓடிப்போய், "நல்லா தூங்கினியா? தொண்டை கரகரன்னு இருக்கா?" என்று விசாரிக்கிறாள். கூடப்பிறந்த அண்ணன் மஞ்சள்காமாலையில் கிடந்தபோதுகூட இவ்வளவு அக்கறை காட்டவில்லை. என் வீட்டுக்காரராச்சே, எனக்கு மறக்குமா?

அவளுக்கு டென்னிஸ்தான் தொழில்; இந்தப் போட்டிக்குத் துணையாக நான் வந்திருக்கிறேன். நேற்று தகுதிச் சுற்றில் தோற்றாள். தோற்றவர்கள் மூட்டை கட்ட வேண்டியதில்லையாம். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். பெரிய சுற்றில் ஆட வேண்டியவள் எவளாவது கடைசி நேரத்தில் விலகினால், தாளில் முதலில் இருப்பவள் உள்ளே போகலாம். அப்படிப் போகிறவளுக்கு 'லக்கி லூசர்' என்று பெயர். அந்தப் பட்டத்தைக் கண்டுபிடித்த மகராசன் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன்.

பதினோரு வருஷமாக ஆடுகிறாள். உலகத்தில் ஆயிரத்து நூற்று எண்பத்து மூன்றாவது இடம். சொந்தக்காரர் ஒருவர் ஒரு விசேஷத்தில் இதைக் கேட்டுச் சிரித்தபோது என் மாமனார் அமைதியாக, "நீங்க உங்க தொழில்ல உலகத்துல எத்தனாவது?" என்று கேட்டார். அந்த மனிதர் சாப்பிடாமலே போய்விட்டார். ஆனால் அந்த இடத்துக்கும் இப்போது ஆபத்து. போன வருஷம் வாங்கிய புள்ளிகள் இந்த வாரத்தோடு காலாவதி ஆகின்றன. பெரிய சுற்றில் ஒரு ஆட்டமாவது ஜெயிக்காவிட்டால் திங்கட்கிழமை அந்தப் பட்டியலிலேயே அவள் பெயர் இருக்காது.

அதனால் வீடே பிறத்தியார் உடம்புக்காகக் காத்திருக்கிறது. ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காத என் மாமியார் நேற்றிலிருந்து போன் மேல் போன் போட்டு, யாருக்காவது ஏதாவது ஆச்சா என்று ஆசையாகக் கேட்கிறார். பெரிதாக ஒன்றும் வேண்டாமாம், லேசாக ஒரு வயிற்றுவலி போதுமாம்.

கூப்பிட்டதும் ஆள் இல்லையென்றால் வாய்ப்பு அடுத்தவளுக்குப் போய்விடும். ஆகவே மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டுதான் குளியலறைக்கே போகிறாள். வாழைப்பழத்தில் பாதிதான் தின்கிறாள். கூப்பிட்டால் வயிறு கனக்கக் கூடாது, கூப்பிடாவிட்டால் மயங்கி விழக் கூடாது. மணிக்கொரு தடவை வராந்தாவில் குதித்து வியர்வை வரவழைத்துக்கொள்கிறாள். தாளில் முதல் பெயர் இவளுடையது; இரண்டாவதாக இருக்கிற பெண் அவ்வப்போது வந்து இவளிடம், "உங்களுக்கு உடம்பு ஒண்ணும் இல்லையே?" என்று பாசமாகக் கேட்டுவிட்டுப் போகிறாள்.

மூன்று மணிக்குக் கடைசி ஆட்டம், அது தொடங்கிவிட்டால் அந்தத் தாளுக்கு வேலை இல்லை. அதற்கு அரை மணி முன்னால், அதில் ஆட வேண்டிய சின்னப் பெண் பயிற்சியில் வழுக்கி, நொண்டிக்கொண்டு உடைமாற்றும் அறைக்கு வந்தாள். என் நாத்தனாரின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். என் முகம் அதைவிட மலர்ந்திருக்கும். வைத்தியம் பார்க்கிற அம்மாள் வேறு மைதானத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். கட்டுப் போடத் தெரியாது என்று அந்தப் பெண் அழுதாள். தன் காலுக்குத் தானே போட்டுப் போட்டு, அந்த வேலையில் என் நாத்தனாரை அடிக்க அங்கே ஆள் இல்லை.

நமக்கெதற்கு வம்பு, அந்த அம்மாளே வரட்டும் என்று நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன்.

"பாத்துட்டேனே அண்ணி," என்றாள்.

மண்டியிட்டு உட்கார்ந்து, வீக்கம் இருக்கிறதா என்று எலும்பை அழுத்திப் பார்த்தாள். பாதத்தைத் திருப்பச் சொன்னாள். பிறகு ஒரு சுருக்கம் விழாமல் பட்டையைச் சுற்றி முடித்தாள். அந்தப் பெண் எழுந்து நாலடி நடந்து பார்த்தாள். வலி குறைந்திருந்தது, பயம் குறையவில்லை. திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்குத் தெரியல. நீங்களே சொல்லுங்க. ஆடலாமா, விலகிடட்டுமா?"

கேட்கிற ஆளைப் பார், கேட்கப்படுகிற ஆளைப் பார். வெளியே அதிகாரி அந்த ஆட்டத்தை ஒலிபெருக்கியில் அழைத்துக்கொண்டிருந்தார்.

என் நாத்தனார் குனிந்தாள். பெஞ்சுக்கு அடியில் கிடந்த அந்தப் பெண்ணின் ஷூவை இழுத்து, கயிற்றை நன்றாகத் தளர்த்தி, கட்டுப் போட்ட காலுக்கு நேராகப் பிடித்தாள்.